பேசாமல் கேட்டவன்

அத்தியாயம் 17

ரசத்தைத் தாளிக்காமலே இறக்கி வைத்துவிட்டு, கரண்டியும் கையுமாகச் சிவனம்மாள் நின்றாளே, போன வாரம் அங்கேதான் விட்டோம்.

“செல்வி, அவன் அம்மான்னு கூப்புட்டா எப்படித் தாயி இருக்கும்? கொரலு நெனப்புல வரமாட்டேங்குதே!”

பெற்றவள் கேட்கிற கேள்வியா இது? ஆனால் கேட்டுவிட்டாள். மருமகள் சகாயசெல்வி அவள் கையிலிருந்த கரண்டியை வாங்கி வைத்தாள்.

மகன் ஆனந்த்ராஜ் போய் வருஷம் ஒன்று ஆகப் போகிறது. தொப்பம்பட்டிக்குப் போய்விட்டு வண்டியில் திரும்பும்போது லாரிக்காரன் இடித்து, ஆஸ்பத்திரி வாசலைப் பார்க்காமலே முடிந்துபோனான். முகத்துக்கு வீட்டில் பஞ்சமில்லை. ஹாலில் மாலை போட்ட படம், பீரோ கதவில் ஒரு படம், ஜெபப் புத்தகத்துக்குள் இன்னொன்று. குரலுக்குத்தான் வழியில்லை.

கல்யாண வீடியோவைப் போட்டுப் பார்த்தார்கள். ஆரம்பத்திலிருந்து கடைசி வரை சினிமாப் பாட்டு. மாப்பிள்ளை வாயசைக்கிறான், பாட்டுக்காரன் பாடுகிறான். அந்த வீடியோக்காரனை என்ன சொல்லித் திட்டுவது! சிவனம்மாளின் பழைய போன் தண்ணீர்க் குடத்தில் விழுந்து செத்தது. செல்விக்கு அவன் அனுப்பியதெல்லாம் எழுத்து. ‘லேட் ஆகும், சாப்பிட்ரு.’ அதில் குரல் எங்கே இருக்கிறது?

“சோத்துல கைய வைக்கிறதுக்கு முன்னாடி கமெண்ட்ரி சொல்லுவானே! ‘அம்மா, இன்னைக்குப் பூண்டு தூக்கலா இருக்கு, பெருங்காயம் வாசலுக்கே வருது’ன்னு. சொன்னது அம்புட்டும் நெனப்பிருக்கு. சொன்ன கொரலக் காணோம்.”

அந்தக் கமெண்ட்ரி, கடைசி நாலைந்து மாதம் அவனுக்கு வந்த பழக்கம். தட்டின் முன்னால் உட்கார்ந்ததும் மூச்சை இழுத்து, என்னென்ன மணக்கிறது என்று சத்தமாகச் சொல்வான். எதிரே உட்கார்ந்திருக்கும் அப்பா சூசைராஜும் “ஆமா, பூண்டு தூக்கல்தான்” என்று சேர்ந்துகொள்வார். அதற்கு முன்பும் மனிதர் சும்மா இருந்ததில்லை. எதைப் போட்டாலும் “வாசம் ஆளத் தூக்குது சிவனம்மா” என்று ஒரு வசனம் வைத்திருப்பார்.

மகன் போனபிறகு அந்த வசனமும் போனது. போட்டதைத் தின்றுவிட்டுக் கை கழுவுகிறார். அது சிவனம்மாளுக்குத் தனி வலி. அவன் கடைசியாகக் கிளம்பிய அன்றைக்கு டிபன் கட்டிக் கொடுத்து “போயிட்டு வாப்பு” என்று அனுப்பியவள் அவள்தான். அந்தக் கோபத்தை என் சோற்றில் காட்டுகிறார் என்று அவளாகவே முடிவு கட்டியிருந்தாள். வாய்விட்டுக் கேட்டாளா என்றால், இல்லை. அந்த வீட்டில் யார் யாரைக் கேட்டார்கள்!

அந்த இரவு படுத்தபிறகுதான் செல்விக்குப் பளிச்சென்று நினைவு வந்தது. பதிவுகள்! பயிற்சிக்காக அவள் வீட்டுக்காரர் நூறு பேரிடம் பேசிப் போனில் பதிவு செய்தாரே, அவை எல்லாம் கல்லூரியில் இருக்குமே!

*

சனிக்கிழமை காலை டவுன் பஸ்ஸில் ஏறிக் கல்லூரியில் போய் இறங்கினாள் செல்வி. ஆனந்த்ராஜ் ஆராய்ச்சி செய்த இடம். ஆட்டுத்தோலை உப்புப் போடாமல் கெடாமல் வைக்கிற ஒரு பொடியை அங்கேதான் கண்டுபிடித்தான். தோலுக்குப் போடுகிற உப்பெல்லாம் கடைசியில் கிணற்றுத் தண்ணீரில் போய்ச் சேர்வதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்தவன். தோல் பதனிடுகிற டேனரித் தொழிலாளியின் மகன் அல்லவா?

பொடியைக் கண்டுபிடித்தால் போதுமா? அதை ஊருக்குக் கொண்டுபோக வேண்டாமா? அதற்காகத்தான் ஒரு திட்டம் வந்தது. ஆறேழு கல்லூரிகளையும் பல்கலைக்கழகங்களையும் ஒரே நெட்வொர்க்காகக் கோத்து, ஆராய்ச்சிக்காரர்களுக்குத் தொழில் தொடங்கும் வித்தையைச் சொல்லிக்கொடுப்பது. டெல்லியிலிருந்து பணம், மதுரையில் தலைமை, திண்டுக்கல்லில் ஒரு கிளை. இந்தக் கிளைக்குப் பொறுப்பாளர் ஸ்டீபன்ராஜ்.

அவர் சுவரிலிருந்து பேனரைக் கழற்றிக்கொண்டிருந்தார். தரையெல்லாம் அட்டைப் பெட்டிகள்.

“என்ன சார், ரூம் மாத்துறீங்களா?”

“மூடுறோம்மா. இந்த வருசத்துக்குப் பணம் இல்லைன்னுட்டாங்க. ‘எத்தன கம்பெனி ஆரம்பிச்சீங்க?’ன்னு கேட்டாங்க. ரெண்டுன்னு சொன்னோம். அம்புட்டுத்தான், கதைய முடிச்சிட்டாங்க. இன்னைக்குச் சாயங்காலம் எல்லாத்தையும் அழிச்சிட்டு, திங்கக்கெழம சாவியக் குடுக்கணும்.”

செல்வி பெட்டிகளைத் தாண்டி முன்னால் வந்தாள். “அழிக்கிறதுன்னா? அவரு பதிவு பண்ணுனதெல்லாம்?”

ஸ்டீபன்ராஜ் பேனரைக் கீழே வைத்தார்.

“அதையும்தாம்மா.”

அவள் வந்த விஷயத்தைச் சொன்னாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. ஒன்றே ஒன்று போதும், அத்தைக்குக் கேட்கக் கொடுத்துவிட்டு நானே அழித்துவிடுகிறேன் என்று கெஞ்சினாள்.

“ஒங்க வீட்டுக்காரரே ஒவ்வொருத்தர்கிட்டயும் வாக்குக் குடுத்திருக்காரும்மா. ‘நீங்க சொல்றது பயிற்சிக்கு மட்டுந்தான், வெளியாள் காதுக்குப் போகாது’ன்னு. யாபாரி கஷ்டம், கைவிட்டுப்போன சரக்கு, குடும்பத்துச் சண்டன்னு எல்லாத்தையும் கொட்டியிருக்காங்க. பேசுனவங்க சம்மதம் இல்லாம நான் எப்படிக் குடுப்பேன்?” அவர் பேனரை மடித்துப் பெட்டியில் போட்டார். “குடுத்தாலும் அதுல அவரு கொரல் இல்லம்மா.”

“இல்லையா? அவருதான சார் பேசப் போனது!”

“கேக்கப் போனாரு. இங்க மொதப் பாடமே அதான். நம்ம பொருளப் பத்தி ஒரு வார்த்த பேசக் கூடாது. விக்கக் கூடாது, விளக்கக் கூடாது. எதிராளி கஷ்டத்த மட்டும் கேக்கணும். பதிவு பண்றதுக்கு முன்னாடியெல்லாம் ஆனந்த்ராஜுக்கு வாய் நிக்காது. யாராச்சும் உப்புன்னு ஆரம்பிச்சாலே நம்ம பொடியப் பத்தி ஒரு மணி நேரம் பேசுவாரு. நான் திட்டிட்டேன். ‘பூட்டு ஊர்ல பொறந்துட்டு வாய்க்கு ஒரு பூட்டு கெடைக்கலையாய்யா?’ன்னேன். பெறகு நாந்தான் ஆரஞ்சு மிட்டாய வாங்கிக் குடுத்தேன். வாயில ஒதுக்கிக்கிட்டாப் பேச்சு வராதுல்ல?”

அந்த மிட்டாய்த் தாள்கள்! துவைக்கப் போடும் சட்டைப் பையில் அள்ளி அள்ளி எடுத்திருக்கிறாள். சின்னப் பிள்ளையா நீங்க என்று கேலியும் செய்திருக்கிறாள்.

“அதுக்கப்புறம் எல்லாப் பதிவுலயும் ‘ம்ம்’, ‘சொல்லுங்க’, ‘பெறகு?’ அம்புட்டுத்தான். நாந்தாம்மா அப்படிப் பழக்கிவிட்டேன். ஒங்க அத்தைக்கு இன்னைக்கு ஒரு வார்த்த இல்லாமப் போனதுக்கு நான்தான் காரணம்.”

ஸ்டீபன்ராஜ் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். அவருக்கும் வேலை போகிற நாள்தான் அது. அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

“ஒங்களுக்குக் குடுக்க வழி இருக்கிறது ரெண்டே ரெண்டுதாம்மா. ஒண்ணு கடைசிப் பதிவு. தொப்பம்பட்டியில மகேஸ்வரின்னு ஒரு தோல் யாபாரியம்மா. அன்னைக்கு இவரு பாத்துட்டுத் திரும்புனது அவங்களத்தான். கடைசிப் பதிவாச்சே, வீட்டுக்குக் குடுக்கலாமான்னு நேத்தே கேட்டு மெசேஜ் போட்டிருக்கேன், பதில் இல்ல. திங்கக்கெழம வரைக்கும் வச்சிருப்பேன்.”

“இன்னொண்ணு?”

“ஒங்க மாமாவோடது. அதுல மட்டும் ஆனந்த்ராஜ் பேசிட்டாரு. மிட்டாயத் துப்பிட்டுப் பேசியிருக்காரு.”

“மாமாகிட்டயா? என்ன பேசுனாரு?”

“அத நான் சொல்லக் கூடாது. அவரு சரின்னா எடுத்துட்டுப் போங்க. சாயங்காலத்துக்குள்ள வாங்கம்மா.”

கிளம்பும்போது, டப்பாவில் மிஞ்சிக் கிடந்த ஆரஞ்சு மிட்டாய்களை அவள் கையில் கொட்டினார்.

*

சூசைராஜ் மத்தியான நேரத்தில் பேகம்பூர் டீக்கடை பெஞ்சில்தான் இருப்பார். டேனரியில் தோலை ஊறவைக்கிற சுண்ணாம்புத் தொட்டி வேலை பார்த்து ஓய்ந்தவர். கூட வேலை பார்த்த இரண்டு பேர் வருவார்கள், ஆளுக்கு ஒரு டீ, அரசியல், அப்புறம் வீடு. அன்றைக்கு அவர் மட்டும் இருந்தார்.

“ஏந்தாயி, வெயில்ல இங்க வந்து நிக்கிற? சிவனம்மாவுக்கு எதுவும்…”

“அத்தை நல்லா இருக்காங்க. மாமா, அவரு கொரல் கெடைக்குமாம். நீங்க சரின்னு சொன்னாப் போதும். ஒங்ககிட்டப் பேசுன பதிவாம்.”

சூசைராஜ் டீ டம்ளரை அப்படியே பெஞ்சில் வைத்தார்.

“வேணாம்.”

“மாமா!”

“வேணாம்னா வேணாம். அழிச்சிரச் சொல்லு.”

வந்த ஆத்திரத்தில் செல்விக்கு என்னென்னவோ வாயில் வந்தது. அவங்க ராத்திரியெல்லாம் விம்முறது ஒங்களுக்குக் கேக்கலையா, நீங்க ஒரு தகப்பனா என்று கேட்டுவிட இருந்தாள். கைப்பையில் கைவிட்டபோது மிட்டாய் தட்டுப்பட்டது. ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஒரு வார்த்தை பேசவில்லை. அவரும் பேசவில்லை.

தெருவில் ஒரு குட்டியானை வண்டி, ஈரத் தோலை ஏற்றிக்கொண்டு மெல்லப் போனது. பிணவாடை. டீ மாஸ்டர் முகத்தைத் திருப்பினார், செல்வி சேலையால் மூக்கைப் பொத்தினாள். சூசைராஜ் வண்டியைப் பார்த்தபடி அப்படியே இருந்தார்.

“பாத்தியா, நீ மூக்கப் பொத்துன” என்றார். “எனக்கு அது ஒண்ணுமே இல்ல.”

“ஒங்களுக்குப் பழகியிருக்கும் மாமா.”

“பழகல தாயி. மூக்கு செத்துப்போச்சு. நீ நம்ம வீட்டுக்கு வர்றதுக்கு ரொம்ப வருசம் முன்னாடியே. அந்தத் தொட்டிப் புகையிலதான் போயிருக்கணும். உப்பு தெரியும், புளிப்பு தெரியும், காரம் தெரியும். வாசம் மட்டும் கெடையாது. மல்லியப்பூவுக்கும் சாக்கடைக்கும் எனக்கு வித்தியாசம் இல்ல.”

செல்வி திகைத்துப்போனாள். எத்தனை வருஷமாக ‘வாசம் ஆளத் தூக்குது’ என்கிற வசனம்!

“ஏன் மாமா அத்தைகிட்டச் சொல்லல?”

“எப்படிச் சொல்ல? அவளுக்கு வேற என்ன இருக்கு? நகையா, நட்டா? ஒரு சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போயிருப்பனா? அவ அடுப்படியில வெந்து வெந்து ஆக்கி வைப்பா. நான் ‘வாசம் தூக்குது’ம்பேன். அவ மொகம் ஒரு சிரிப்புச் சிரிக்கும் பாரு. அந்தச் சிரிப்புக்காகச் சொல்லிட்டேன். ஒரு நாள் சொன்னா மறுநாளும் சொல்லணும்ல?”

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

“ஆனந்து வந்து, ‘அப்பா, நீங்களும் டேனரி ஆளுதான, ஒங்க கஷ்டத்தச் சொல்லுங்க’ன்னு போன வச்சிட்டு ஒக்காந்தான். நீ இப்ப ஒக்காந்திருக்கியே, இப்படித்தான். வாயவே தொறக்கல. எவன் என்னைய அப்படி ஒக்காந்து கேட்டிருக்கான்? கொட்டிட்டேன். அதப் போயி அவ கேட்டா, இத்தன வருசச் சிரிப்பும் வெட்டிதானேன்னு ஆயிராதா? மகனப் பறிகுடுத்தவகிட்ட இதையும் நான் புடுங்கணுமா?”

“அவரு போன பெறகு நீங்க சாப்பாட்டப் பத்தி ஒண்ணுமே சொல்றதில்ல மாமா. ஒங்களுக்குத் தம்மேல கோவம்னு அத்தை நெனச்சிருக்காங்க. டிபன் கட்டி அனுப்பி வச்சது அவங்கன்னு.”

சூசைராஜ் அவளை ஏறிட்டுப் பார்த்தார்.

“சேசுவே… அப்படியா நெனச்சா? பொய் சொல்ல வாய் வரல தாயி. அவன் போன பெறகு வரல. அம்புட்டுத்தான்.”

செல்வியின் வாயிலிருந்த மிட்டாய் கரைந்து முடிந்தது. சூசைராஜ் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

“காலேஜுக்குப் பஸ்சு எங்க நிக்கும்?”

*

“ஒங்க பதிவ ஒங்க வீட்டுக்குக் குடுக்கலாமாய்யா? வாயால சொன்னாப் போதும்” என்றார் ஸ்டீபன்ராஜ்.

“குடுங்க சார்.”

செல்வியின் போனில் அது வந்து விழுந்தது. மகேஸ்வரியின் பதிவைத் தவிர மற்றவற்றை ஸ்டீபன்ராஜ் அவர்கள் கண்ணெதிரே அழித்தார். ஒரு சத்தம் இல்லை. கம்ப்யூட்டர் ஒரு தடவை ‘நிச்சயமாகவா?’ என்று கேட்டது, அவர் ஆமாம் என்றார், போயிற்று. ஊர் ஊராக அலைந்து ஒருவன் கேட்டுவந்த அத்தனை பேர் கஷ்டமும் அத்தோடு முடிந்தது.

சூசைராஜ் வாசல் வரை போய்விட்டுத் திரும்பினார்.

“சார், எம்மவன் இந்தப் படிப்புல பாஸா?”

ஸ்டீபன்ராஜ் எழுந்து நின்றார். “எங்ககிட்ட வந்ததுலயே நல்லாக் கேட்டவரு அவருதான்யா.”

*

சிவனம்மாள் அடுப்பில் கருவாட்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. செல்வி அடுப்பை அணைத்துவிட்டு, அவளை ஹாலுக்கு அழைத்துவந்து உட்கார வைத்தாள். போனைக் கையில் கொடுத்தாள்.

“அத்தை, இதுல அவரு கொரல் இருக்கு. மாமா பேச்சும் இருக்கு. முழுசாக் கேட்டுட்டு எதுவானாலும் சொல்லுங்க.”

சூசைராஜ் வாசல்படிக்கு வெளியே நின்றார். உள்ளே வரத் தைரியம் இல்லை.

முதலில் அவர் குரல். தொட்டி, புகை, மூச்சு முட்டுவது. இடையில் ஒரு ‘ம்ம்.’

“இவன்தான்! இந்த ‘ம்ம்’ அவன்தான்!” சிவனம்மாள் போனைக் காதோடு சேர்த்து அழுத்தினாள். மிட்டாய் பல்லில் உருளுகிற சத்தம் கூடக் கேட்டது. “பெறகு?” என்றான் மகன். பிறகு சூசைராஜ் சொல்ல ஆரம்பித்தார். மூக்கு செத்துப்போன கதையை, வாசம் ஆளத் தூக்குகிற கதையை.

சிவனம்மாளின் முகம் மாறிக்கொண்டே வந்தது. செல்வி பார்க்க முடியாமல் குனிந்துகொண்டாள்.

பதிவில் மிட்டாயைத் துப்புகிற சத்தம். பிறகு ஆனந்த்ராஜ் பேசினான்.

“அப்பா… இத்தன வருசமாவா? அம்மாவுக்குத் தெரியாதா?”

“சொல்லிராதடா.”

“சொல்லலப்பா.” மூக்கை உறிஞ்சுகிற சத்தம். “நான் ஒண்ணு பண்றேன். இனிமே சாப்புட ஒக்காந்ததும் என்ன வாசம்னு நான் சத்தமாச் சொல்லிர்றேன். அதக் கேட்டுக்கிட்டு நீங்க அம்மாகிட்டச் சொல்லுங்க. அப்பப் பொய்யில்லைல்ல? எங்கம்மா கைமணம்பா, அது ஒங்களுக்குத் தெரியாமப் போகக் கூடாது.”

அவ்வளவுதான் பதிவு.

சிவனம்மாள் வாசலைப் பார்த்தாள். “பாவி மனுசா! வருசக்கணக்கா என்னைய ஏமாத்தியிருக்கீங்களே!” என்று கத்தினாள். எழுந்து அடுப்படிக்குப் போனாள். பாத்திரங்கள் விழுகிற சத்தம் கேட்டது. சூசைராஜ் படியில் உட்கார்ந்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து மறுபடியும் மகன் குரல். ‘எங்கம்மா கைமணம்பா.’ திரும்ப அதே. திரும்பவும் அதே. நடுவே அவள் அழுகிற சத்தம். கமெண்ட்ரி என்று அவள் கேலி பண்ணியதெல்லாம் யாருக்காகச் சொன்னது என்று இப்போது தெரிந்தபின், எப்படி அழாமல் இருப்பாள்?

செல்வியின் கைக்குப் போன் திரும்பி வந்தபோது அதில் புதிதாக ஒரு செய்தி இருந்தது. ஸ்டீபன்ராஜ் அனுப்பியிருந்தார். தொப்பம்பட்டி மகேஸ்வரி எழுதியதை அப்படியே.

‘பதிவைக் கொடுத்துக்கோங்க சார். ஆனா அவர் பேசினது அதுல இருக்காதுங்க. போனை அணைச்சுப் பையில போட்ட பொறவுதான் அவர் ஒண்ணு சொன்னாருங்க. அதை அவர் சம்சாரத்துகிட்ட நான் நேர்லதான் சொல்லோணுமுங்க.’

செல்வி இரண்டு தடவை படித்தாள். அதற்குள் அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

“செல்வி, அந்த மனுசன உள்ள வந்து ஒக்காரச் சொல்லு. சோறு ஆறுது.”

மூன்று தட்டு போட்டாள் சிவனம்மாள். சூசைராஜ் தலை நிமிராமல் வந்து உட்கார்ந்தார். சோற்றில் குழம்பை ஊற்றினாள். அவர் கையை வைக்கப் போனார்.

“பொறுங்க” என்றாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மகன் செய்த மாதிரியே மூச்சை இழுத்தாள்.

“கருவாட்டு வாசம்தான் மொதல்ல வருது. நெத்திலி. நல்லெண்ணெயில வதக்குனதுனால கவுச்சி அடிக்கல.” குரல் உடைந்தது. நிறுத்திக்கொண்டாள். “பூண்டு… பூண்டு தோலோட தட்டிப் போட்டேன், அது வருது.”

சூசைராஜின் கண்ணீர் தட்டில் விழுந்தது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

“பெறகு?” என்று கேட்டார்.